தனித்துயரும் பொதுவரலாறும்

ஒரு குழந்தையின் பிறப்பைச் சொல்லப் புகுந்த லூக்கா நற்செய்தியாளர், நாசரேத்திலிருந்தோ பெத்லகேமிலிருந்தோ தம் கதையைத் தொடங்கவில்லை. உரோமைப் பேரரசர் அகுஸ்துவின் கட்டளையிலிருந்து தொடங்குகிறார். பேரரசு முழுவதும் மக்கள்தொகை பதிவு செய்யப்பட வேண்டும் என்று எங்கோ தொலைவில் ஓர் ஆணை பிறந்தது. அதன் விளைவாக, கருவுற்றிருந்த ஓர் இளம்பெண் தன் கணவரோடு நெடுவழி நடக்க நேர்ந்தது. விடுதியில் இடம் கிடைக்காமற் போயிற்று. குழந்தை தீவனத் தொட்டியில் கிடத்தப்பட்டது. ஏழைக் குடும்பம் ஒன்றுக்கு அந்த இரவில் நேர்ந்த இன்னலை அக்குடும்பத்தின் சொந்த இன்னலாக மட்டும் சொல்லிவிட்டு லூக்கா கடந்து சென்றிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. ஆட்சியாளரின் பதிவேட்டையும் ஒரு தாயின் பேறுகால அல்லலையும் ஒரே தொடரில் வைத்து எழுதினார்.

ஒரு மனிதனின் வாழ்வைப் புரிந்துகொள்ள அவன் வாழ்ந்த காலத்தின் வரலாற்றையும் சமுதாய அமைப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது சமூகவியலின் அடிப்படைப் பாடங்களுள் ஒன்று. கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்தப் பாடம், அறிவுலகில் வேரூன்ற ஏறத்தாழ நூறாண்டுகள் ஆயின. அதே காலத்தில், பல்கலைக்கழகங்களுக்கு வெளியே, தொழிற்சாலை வாயில்களில் நின்ற சில குருக்களும் இளைஞர்களும் அதே பாடத்தை வேறு வழியில் கற்றார்கள். இவ்விரு வழிகளும் எவ்வாறு பிறந்தன, எங்கே சந்தித்தன, அவற்றிலிருந்து நமக்கு வரும் கேள்வி என்ன என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

ஒருவரின் துன்பமும் ஊரின் சிக்கலும்

இந்தப் பாடத்துக்கு எல்லாரும் அறிந்த வடிவத்தைக் கொடுத்தவர் சி. ரைட் மில்ஸ் என்ற அமெரிக்கச் சமூகவியலார். 1916இல் டெக்சஸ் மாநிலத்தின் வேக்கோ நகரில் பிறந்த அவர், கத்தோலிக்கராக வளர்க்கப்பட்டவர். பின்னர் சமய நம்பிக்கையிலிருந்து விலகியவர். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த அவர், அணு ஆயுதப் போர் அச்சம் உலகைச் சூழ்ந்திருந்த 1958ஆம் ஆண்டில், நம்பிக்கையற்ற ஒருவன் கிறிஸ்தவ குருக்களுக்கு ஆற்றும் மறையுரை என்ற வகையில் ஒரு கட்டுரை எழுதினார். போரைப் பற்றி உங்கள் மறையுரை மேடைகள் ஏன் மௌனம் காக்கின்றன என்பதே அதன் சாரம். அடுத்த ஆண்டு, 1959இல், 'சமூகவியல் கற்பனைத்திறன்' என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய நூல் வெளிவந்தது. 1962இல், தம் நாற்பத்தைந்தாம் வயதில், அவர் காலமானார்.

அந்நூலில் அவர் ஒரு வேறுபாட்டை வரையறுக்கிறார். தனிமனிதரின் துன்பங்கள் ஒரு வகை. சமுதாயத்தின் பொதுச் சிக்கல்கள் மற்றொரு வகை. இதற்கு அவர் தரும் எடுத்துக்காட்டு வேலையின்மை. ஓர் இலட்சம் பேர் வாழும் நகரில் ஒரே ஒருவருக்கு மட்டும் வேலை இல்லை என்றால், அவருடைய குணத்தையும் திறமையையும் வாய்ப்புகளையும் ஆராய்வது பொருந்தும். ஆனால் ஐந்து கோடிப் பேர் உழைக்கும் நாட்டில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு வேலை இல்லை என்றால், அவர்கள் ஒவ்வொருவரின் சோம்பலைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை. அங்கே வாய்ப்புகளைத் தரும் அமைப்பே குலைந்திருக்கிறது. வேலை இழந்தவர் இரவில் தனியே விழித்திருந்து தம்மைத் தாமே நொந்துகொள்ளலாம். அந்த நோவு உண்மையானது. ஆயினும் அதன் காரணம் அவருடைய வீட்டுக்குள் இல்லை.

மில்ஸின் சிந்தனையில் கவனிக்கத்தக்க ஒன்று உண்டு. தனிமனிதரின் துன்பத்தை அவர் சிறிதாக்கவில்லை. வரலாறு என்பது அரசர்களின் கதையன்று, அது ஒவ்வொரு வீட்டின் அடுப்படி வரை வந்து நிற்கிறது என்று காட்டினார். தன் வாழ்க்கைக்கும் தன் காலத்துக்கும் உள்ள தொடர்பைக் காணத் தெரியாதவர், தம்மைச் சிக்கவைத்த கண்ணியை அறியாமலே அதற்குள் கிடந்து தவிக்கிறார். காணத் தெரிந்தவர் அதைப் பற்றிப் பிறரோடு பேசத் தொடங்குகிறார்.

எண்களுக்குள் ஒளிந்த தனிமை

மில்ஸுக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே இப்பார்வையின் முதற்கல்லை நாட்டியவர் எமில் துர்க்கைம். பிரான்சு நாட்டின் எப்பினால் நகரில் 1858இல் ஒரு யூத ரபியின் மகனாகப் பிறந்த அவர், 1897இல் தற்கொலையைப் பற்றி ஓர் ஆய்வு நூலை வெளியிட்டார். மனிதன் செய்யும் செயல்களிலெல்லாம் மிகத் தனிமையானது எதுவோ அதையே அவர் தேர்ந்துகொண்டார். ஒவ்வொரு மரணத்துக்கும் பின்னே ஒரு தனிக் கதை உண்டு. ஆனால் ஐரோப்பிய நாடுகளின் பதிவேடுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒவ்வொரு நாட்டிலும் அந்த எண்ணிக்கை ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றது. மணமாகாதவரிடையே மிகுந்தும், பிள்ளைகளோடு குடும்பமாக வாழ்பவரிடையே குறைந்தும் இருந்தது. புரோட்டஸ்டாண்டு மக்களிடையே மிகுதியாகவும் கத்தோலிக்கரிடையே குறைவாகவும் காணப்பட்டது.

இந்தக் கடைசிச் செய்தி நமக்குப் பெருமையளிப்பதாகத் தோன்றலாம். துர்க்கைம் அப்பெருமைக்கு இடம் தரவில்லை. இரு சபைகளுமே தற்கொலையைக் கண்டிக்கின்றன; ஆகவே வேறுபாட்டுக்குக் காரணம் போதனையன்று, மக்களை ஒருவரோடொருவர் பிணைக்கும் கூட்டு வாழ்வின் வலிமையே என்று அவர் கூறினார். கூட்டு வாழ்வு தளர்ந்தால் கத்தோலிக்கருக்கும் அப்பாதுகாப்பு இராது என்பது இதன் மறுபக்கம். பிற்கால ஆய்வாளர்கள் மற்றோர் ஐயத்தையும் எழுப்பினர். கத்தோலிக்க ஊர்களில் குடும்பத்தின் அவமானத்துக்கும் கல்லறைத் தோட்டத்தில் இடம் மறுக்கப்படுவதற்கும் அஞ்சி, இத்தகைய மரணங்கள் விபத்துகளாகப் பதியப்பட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்டனர். பதிவேடும் ஒரு சமுதாயத்தின் விளைபொருள்தான் என்பதை இக்கேள்வி நினைவூட்டுகிறது. எண்கள் போதா; அந்த எண்களுக்குள் இருப்பவர்களின் குரலும் கேட்க வேண்டும். அக்குரல் சமூகவியலுக்குள் நுழைந்தது, கடல் கடந்து வந்த கடிதங்களின் வழியாக.

கடிதக் கட்டுகளில் ஒரு மக்களின் வரலாறு

போலந்து நாடு 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் இரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகிய மூன்று அரசுகளால் பங்கிடப்பட்டு, 1918 வரை உலக வரைபடத்தில் இல்லாமற் போயிற்று. இரஷ்ய ஆட்சியில் இருந்த பகுதியில் பண்ணையடிமை முறை ஒழிந்தது 1864இல்தான். விடுதலை பெற்ற உழவனுக்குக் கிடைத்த சிறு நிலம், பிள்ளைகளுக்குப் பிரிக்கப்பட்டுப் பிரிக்கப்பட்டு, ஒரு குடும்பத்துக்குச் சோறு போடாத துண்டுகளாயிற்று. ஆகவே பல இலட்சம் போலந்து மக்கள் கப்பலேறினார்கள். அமெரிக்காவின் சிகாகோ நகரில் இறைச்சிக் கூடங்களிலும் எஃகு ஆலைகளிலும் வேலைக்கு அமர்ந்தார்கள். அவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர் வில்லியம் ஐசக் தாமஸ். வந்தேறிய மக்களைப் பற்றி ஆராய்வதற்காக ஹெலன் கல்வர் என்னும் பெண்மணி 50,000 டாலர் நிதி அளித்திருந்தார். ஒரு நாள் தெருவோரம் நடந்து சென்ற தாமஸின் முன், மேலிருந்து ஒருவர் வீசிய குப்பைக் கட்டு விழுந்ததாகவும், அதற்குள் போலந்து மொழியில் ஒரு மகள் தன் தந்தைக்கு எழுதிய கடிதம் இருந்ததாகவும், அதிலிருந்தே கடிதங்களைத் திரட்டும் எண்ணம் அவருக்குத் தோன்றியதாகவும் சமூகவியலாரிடையே ஒரு கதை வழங்குகிறது. கதை எப்படியாயினும், போலந்து மொழிச் செய்தித்தாளில் விளம்பரம் செய்து, கடிதம் ஒன்றுக்குச் சில சென்ட் கொடுத்து, அவர் குடும்பக் கடிதங்களை வாங்கினார் என்பது உண்மை. வார்சாவில் குடிபெயர்வோருக்கான பாதுகாப்புச் சங்கத்தை நடத்திவந்த புளோரியன் ஸ்னானியெத்ஸ்கி என்ற இளம் தத்துவ அறிஞர் 1914இல் சிகாகோ வந்து அவரோடு சேர்ந்தார். இருவரும் எழுதிய 'ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் போலந்து உழவன்' என்ற நூல் 1918 முதல் 1920 வரை ஐந்து தொகுதிகளாக, இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்களில் வெளிவந்தது. அதில் எழுநூறுக்கும் மேற்பட்ட கடிதங்கள் 50 குடும்பத் தொகுதிகளாக அச்சிடப்பட்டன.

அக்கடிதங்களைப் படிக்கும் நமக்கு அவை அந்நியமாகத் தோன்றா. நம் ஊர்ப் பெரியவர்கள் 'தோத்திரம்' சொல்லிப் பேச்சைத் தொடங்குவதுபோல, போலந்து உழவனும் இயேசு கிறிஸ்துவுக்குப் புகழ் கூறித்தான் எழுதத் தொடங்குவான். படிப்பவர் அதற்கு 'என்றென்றும், ஆமென்' என்று பதிலுரைப்பார் என்பது அவனுடைய எதிர்பார்ப்பு. பிறகு தன் உடல்நலம். அதன்பின் வீட்டிலுள்ள ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி நலம் விசாரித்தல். ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது. இக்கடிதங்களுக்கு ஆசிரியர்கள் 'வணக்கக் கடிதங்கள்' என்று பொருள்படும் பெயரிட்டார்கள். பிரிந்து வாழும்போதும் குடும்பம் குலையவில்லை என்று உறுதி செய்வதே அவற்றின் பணி என்று கண்டார்கள்.

ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்லக் கடிதங்களின் தொனி மாறுகிறது. தந்தை பணம் கேட்கிறார். தங்கையின் திருமணத்துக்குச் சீர் கேட்கிறார்கள். தம்பிக்குக் கப்பல் சீட்டு அனுப்பச் சொல்கிறார்கள். மகன் ஆலை வேலை போய்விட்டது என்று எழுதுகிறான். பின் காலம் தாழ்த்தி எழுதுகிறான். சில வேளைகளில் எழுதாமலே விட்டுவிடுகிறான். ஒரு வீட்டில் அது நன்றிகெட்ட மகனின் கதை. ஐம்பது வீடுகளின் கடிதங்களை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தபோது அது ஒரு மகனின் கதையாக நிற்கவில்லை. நிலத்தோடும் ஊரோடும் பிணைந்திருந்த கூட்டுக் குடும்பம், கூலிக்கு உழைக்கும் தனி ஆளாகப் பிரிந்துபோகும் ஒரு பெரும் வரலாற்று மாற்றம் அவ்வெழுத்துகளில் பதிந்திருந்தது. தன் தந்தையிடம் கெட்ட பெயர் வாங்கிய ஒவ்வொரு மகனும் தான் மட்டுமே அப்படி என்று எண்ணியிருப்பான்.

இந்நூல் எழுந்த காலத்தில் அமெரிக்காவில் ஒரு கருத்து வலுப்பெற்றிருந்தது. வந்தேறிய கிழக்கு, தெற்கு ஐரோப்பியரிடம் காணப்படும் குற்றங்களுக்கும் குடும்பச் சிதைவுக்கும் அவர்களுடைய இரத்தமும் இனமுமே காரணம் என்று பலர் எழுதினர். 1924இல் அவர்களின் வருகையைக் கடுமையாகக் குறைக்கும் சட்டமே வந்தது. தாமஸும் ஸ்னானியெத்ஸ்கியும் இனத்தில் காரணம் தேடவில்லை. பழைய ஊரின் கட்டுப்பாடுகள் தளர்ந்து, புதியவை இன்னும் உருவாகாத இடைவெளியில் நேரும் சமூகக் குலைவு அது என்றனர். குலைந்ததைத் திரும்பக் கட்டும் முயற்சிகளையும் அவர்கள் கண்டார்கள். அவற்றுள் தலையாயது பங்கு. சிகாகோவில் 1867இல் தோன்றிய புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கு, அந்நூற்றாண்டின் இறுதியில் உலகின் மிகப் பெரிய பங்குகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது. அத்தகைய பங்குகள் திருப்பலிக்குக் கூடும் இடமாக மட்டும் இருக்கவில்லை. பள்ளிக்கூடம், நோயுற்றோர்க்கு உதவும் சங்கங்கள், பாடகர் குழு, ஈமச்சடங்கு உதவி ஆகிய அனைத்தும் அங்கே இருந்தன. விட்டுவந்த கிராமத்தையே அவர்கள் கோயிலைச் சுற்றி மீண்டும் எழுப்பினார்கள்.

சொந்தக் கதையின் எல்லை

நூலின் ஒரு பகுதி முழுவதும் ஒரே மனிதரின் தன்வரலாறு. விளாதெக் என்று நூலில் அழைக்கப்படும் அவர் ரொட்டி சுடும் தொழிலாளி; ஊர் ஊராக வேலை தேடி அலைந்து சிகாகோ வந்து சேர்ந்தவர். பேரறிஞரோ புனிதரோ அல்லாத ஒருவரின் வாழ்க்கை வரலாறு, ஓர் அறிவியல் நூலில் ஏறத்தாழ முந்நூறு பக்கங்களுக்கு இடம்பெற்றது அதுவே முதன்முறை எனலாம்.

1939இல் ஹெர்பர்ட் புளூமர் என்ற சமூகவியலார் இந்நூலைக் கூர்ந்து மதிப்பிட்டார். கடிதங்கள் கோட்பாட்டை விளக்க உதவுகின்றன. ஆனால் அதை நிறுவுவதில்லை. ஆசிரியர்கள் கடிதங்களில் கண்டவற்றுள் பல, அவர்கள் முன்பே கொண்டிருந்த கருத்துகளே என்பது அவருடைய முடிவு. இது நியாயமான எச்சரிக்கை. ஒருவரின் அனுபவம் உண்மையானது என்பதாலேயே அதிலிருந்து நாம் எடுக்கும் பொது முடிவும் உண்மையாகிவிடாது. சொந்த அனுபவத்தைக் கேட்பதும் வேண்டும். அதை மற்றவரின் அனுபவத்தோடும், பதிவேடுகளோடும், வரலாற்றோடும் ஒப்பிட்டுச் சோதிப்பதும் வேண்டும்.

ஸ்னானியெத்ஸ்கி 1920இல் விடுதலை பெற்ற போலந்துக்குத் திரும்பி, போஸ்னான் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். தொழிலாளர் தம் வாழ்க்கையைத் தாமே எழுதி அனுப்பும் போட்டிகளை அங்கே நடத்தினார். அவ்வழியில் யாக்கூப் வொய்ச்செகோவ்ஸ்கி என்ற தொழிலாளியின் தன்வரலாறு 1930இல் நூலாக வெளிவந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின் நடுவே, 1933இல், வேலையிழந்த 57 பேரின் தன்வரலாறுகளை வார்சாவின் சமூகப் பொருளாதார ஆய்வு நிறுவனம் வெளியிட்டது. மில்ஸ் எடுத்துக்காட்டாகச் சொன்ன அதே வேலையின்மையை, அதை அனுபவித்தவர்களே அவருக்கு இருபத்தாறு ஆண்டுகள் முன்பு தம் கையால் எழுதியிருந்தார்கள்.

தொழிலாளியின் கையில் கேள்வித்தாள்

இதே ஆண்டுகளில் பெல்ஜியத்தில் வேறொரு வகையில் இப்பார்வை வளர்ந்தது. ஜோசப் கார்டைன் 1882இல் பிரஸ்ஸல்ஸ் அருகே ஓர் எளிய குடும்பத்தில் பிறந்தார். தம் வயதுத் தோழர்கள் ஆலைக்கு வேலைக்குச் சென்றபோது, அவர் குருமடத்தில் சேர்ந்தார். விடுமுறைக்கு ஊர் திரும்பியபோது, கோயிலில் தம்மோடு நின்ற அதே தோழர்கள் அவரைக் கண்டு முகம் திருப்பினார்கள். அவன் முதலாளிகளின் பக்கம் போய்விட்டான் என்பது அவர்கள் எண்ணம். 1903இல், தம்மைப் படிக்கவைக்க உழைத்துத் தேய்ந்த தந்தையின் மரணப் படுக்கையருகே, தொழிலாளருக்காகவே தம் வாழ்வைச் செலவிடுவதாக அவர் உறுதி பூண்டார்.

இந்த அனுபவம் ஓர் இளைஞனின் மனக்காயமாக மட்டும் நின்றிருக்கலாம். தம் நண்பர்கள் நம்பிக்கை இழந்ததற்கு அவர்களுடைய கெட்ட குணம் காரணமா என்று கார்டைன் தம்மைக் கேட்டுக்கொண்டார். ஊர்தோறும் அதுவே நடக்கிறது என்றால், குணத்தைக் குறை சொல்லிப் பயனில்லை; பதின்மூன்று வயதில் பிள்ளைகளை விழுங்கும் வேலை முறையை ஆராய வேண்டும் என்று உணர்ந்தார். 1906இல் குருவானபின் லூவேன் பல்கலைக்கழகத்தில் விக்டர் பிராண்ட்ஸ் என்ற பேராசிரியரிடம் சமூக அறிவியல் படித்தார். பிராண்ட்ஸ், பிரெஞ்சுச் சுரங்கப் பொறியியலாளர் பிரெடரிக் லெ பிளேயின் வழிவந்தவர். லெ பிளே தொழிலாளர் வீடுகளில் தங்கி, அவர்களுடைய வரவையும் செலவையும் ரொட்டியின் விலை முதல் எழுதிவைத்து, 36 குடும்பங்களைப் பற்றி 1855இல் நூல் வெளியிட்டவர்.

கார்டைன் செய்த மாற்றம் இதுதான்: ஆய்வாளரின் கையிலிருந்த கேள்வித்தாளை அவர் தொழிலாளியின் கையிலேயே கொடுத்தார். 1912இல் பிரஸ்ஸல்ஸின் லாக்கன் பங்குக்கு உதவிப் பங்குத்தந்தையாக வந்த அவர், தையல் வேலை செய்த இளம்பெண்களைச் சிறு குழுக்களாகக் கூட்டினார். உன் கூலி என்ன, எத்தனை மணிநேரம் வேலை, உன்னோடு வேலை செய்பவளின் நிலை என்ன என்று ஒவ்வொருவரும் விசாரித்து வரச் செய்தார். தான் மட்டுமே திறமையற்றவள் என்று எண்ணியிருந்த ஒருத்தி, அடுத்தவளும் அதே குறைந்த கூலிதான் பெறுகிறாள் என்று அறியும்போது அவளுக்குள் ஒன்று நிமிர்கிறது. அதன்பின் நற்செய்தியின் ஒளியில் அந்த நிலையை எடைபோடுவார்கள். தங்களால் இயன்ற ஒரு செயலை முடிவு செய்வார்கள். இவ்வாறு பிறந்ததே இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கம். 1925இல் அது முறையாக நிறுவப்பட்டது. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் அதே ஆண்டில் கார்டைனைச் சந்தித்து ஊக்கமளித்தார். பார், தீர்மானி, செயல்படு என்ற மூன்று சொற்கள், இளம் கிறிஸ்தவ மாணவர் இயக்கத்தில் வளர்ந்த நம் வாசகர் பலருக்கும் பழக்கமானவையே.

இம்முறையைத் திருத்தந்தை இருபத்து மூன்றாம் அருளப்பர் 1961இல் 'தாயும் ஆசிரியையும்' என்று பொருள்படும் தம் சுற்றுமடலில் ஏற்றுப் பரிந்துரைத்தார். 1965இல் கார்டைன் கர்தினாலாக உயர்த்தப்பட்டார். அதே ஆண்டு டிசம்பரில் வெளிவந்த 'இன்றைய உலகில் திருச்சபை' என்ற சங்க ஏடு, மக்களின் மகிழ்ச்சியையும் துயரத்தையும் கிறிஸ்துவின் சீடர்களின் சொந்த மகிழ்ச்சியாகவும் துயரமாகவும் கொண்டு தொடங்குகிறது. கார்டைன் 1967இல் காலமானார்.

பொறுப்பு யாருடையது?

இங்கே ஒரு கேள்வி எழும். எல்லாத் துன்பத்துக்கும் அமைப்பே காரணம் என்றால், பாவம் என்றும் மனமாற்றம் என்றும் பேசுவதற்கு என்ன பொருள்? தனிமனிதன் தன் பொறுப்பிலிருந்து தப்பிக்க இது வழி செய்யாதா?

இக்கேள்விக்கு ஆழ்ந்த விடையளித்தவர், போலந்து மண்ணிலிருந்தே வந்த திருத்தந்தை இரண்டாம் அருள்சின்னப்பர். 1920இல் வாதோவிசெயில் பிறந்த அவர், நாட்சி ஆக்கிரமிப்புக் காலத்தில் கல்லுடைக்கும் குழியிலும் தொழிற்சாலையிலும் உழைத்தவர். போருக்குப்பின் உரோமையில் பெல்ஜியக் கல்லூரியில் தங்கிப் படித்தபோது, அங்கு வந்துபோன கார்டைனைச் சந்தித்தவர். 1947இல் பெல்ஜியத்துக்குச் சென்று, அங்கே குடியேறியிருந்த போலந்துச் சுரங்கத் தொழிலாளரிடையே மேய்ப்புப் பணி செய்தவர். 1984இல் ஒப்புரவைப் பற்றி அவர் எழுதிய திருத்தூது ஊக்கவுரையில், சமூகப் பாவம் என்பது பல தனிமனிதப் பாவங்கள் திரண்டு குவிந்ததன் விளைவு என்று விளக்கினார். தீமையைச் செய்பவர் மட்டுமல்லர். அதனால் பயன் பெறுபவரும், தடுக்க முடிந்தும் அச்சத்தாலோ சோம்பலாலோ வாளாவிருப்பவரும் அதில் பங்குடையவர் என்றார். 1987இல் வெளியிட்ட சமூகச் சுற்றுமடலில் 'பாவ அமைப்புகள்' என்ற சொல்லாட்சியைப் பயன்படுத்தி, தனிமனிதரின் செயல்களில் வேர்கொண்ட இவ்வமைப்புகள், நிலைபெற்றபின் மேலும் பாவங்களுக்குக் காரணமாகின்றன என்று கூறினார்.

சமூகவியலார் காட்டிய அதே இணைப்பை இங்கே மறுமுனையிலிருந்து காண்கிறோம். அமைப்பு தனிமனிதனின் வாழ்வை உருவாக்குகிறது என்றார் மில்ஸ். அந்த அமைப்பைத் தனிமனிதர்களே நாள்தோறும் தாங்கி நிற்கிறார்கள் என்கிறது திருச்சபையின் போதனை. துன்புறுபவரின் தோளிலிருந்து பொய்யான குற்ற உணர்வை முன்னது இறக்கிவைக்கிறது. பயன் பெறுபவரின் தோளில் உண்மையான பொறுப்பைப் பின்னது ஏற்றிவைக்கிறது. எனவே இப்பார்வை பொறுப்பைக் குறைப்பதில்லை. அதை உரிய இடத்தில் சேர்க்கிறது.

நம் மண்ணில்

தொலைவில் உள்ள சிகாகோவையும் லாக்கனையும் பற்றிப் பேசுவது நமக்கு எளிது. நம் தமிழகத் திருச்சபையிலும் ஒரு தன்வரலாறு நம்மை நிறுத்திக் கேள்வி கேட்டது. 1992இல் வெளிவந்த பாமாவின் 'கருக்கு' அது. தலித் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, துறவற சபையில் சேர்ந்து, பின் அதைவிட்டு வெளியேறிய ஒரு பெண் தம் வாழ்க்கையைத் தம் ஊர்ப் பேச்சு மொழியிலேயே எழுதினார். பனைமட்டையின் இருபுறமும் அறுக்கும் கருக்கே அதன் தலைப்பு. அந்நூல் வந்தபோது, இது ஒருவரின் மனக்கசப்பு என்று சொல்லி மூடிவைக்க முயன்றவர்களும் உண்டு. ஆனால் அதைப் படித்த பலர் அதில் தம் சொந்தக் கதையைக் கண்டார்கள். ஒருவரின் துயரம் பலரின் துயரம் என்று தெரியவந்த அக்கணத்தில், அது தனித்துயர் என்ற நிலையைக் கடந்துவிட்டது.

அரசியல் சட்டத்தின் கீழ் 1950இல் பிறப்பிக்கப்பட்ட குடியரசுத்தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார் என்று வகுத்தது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அவ்வாணை திருத்தப்பட்டது. தலித் கிறிஸ்தவருக்கும் முஸ்லிம்களுக்கும் திருத்தப்படவில்லை. சமயத்தை வைத்து இவ்வுரிமையை மறுக்கக் கூடாது என்று நீதிபதி இரங்கநாத் மிஸ்ரா தலைமையிலான ஆணையம் 2007இல் பரிந்துரைத்தது. இந்த வரிகளைச் சட்ட வரலாறாக மட்டும் படித்துவிட முடியாது. பள்ளிச் சான்றிதழில் ஒரு பெயரும் திருமுழுக்குப் பதிவேட்டில் வேறொரு பெயருமாக ஒரு பிள்ளை வளர்வதை, தன் நம்பிக்கையை மறைத்து மனம் குமையும் குடும்பத்தை, அவர்களுடைய நம்பிக்கைக் குறைவாகப் பார்ப்பதா, அல்லது டில்லியில் எழுதப்பட்ட ஓர் ஆணை வீட்டு வாசல் வரை வந்து நிற்பதாகப் பார்ப்பதா? அரசின் ஆணையை நோக்கி விரல் நீட்டும் நாம், கோயிலுக்குள்ளும் கல்லறைத் தோட்டத்திலும் நம் கையால் எழுப்பிய சுவர்களையும் பார்க்க வேண்டும். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016 டிசம்பரில் வெளியிட்ட தலித் மேம்பாட்டுக் கொள்கை, தீண்டாமை திருச்சபைக்குள்ளும் உண்டு என்பதை ஏற்று, அதைக் களைய அழைப்பு விடுத்தது. ஏடுகளில் ஏற்றுக்கொண்டதை ஒவ்வொரு பங்கிலும் ஏற்கச் செய்வது பொதுநிலையினராகிய நம் கையிலும் இருக்கிறது.

ஒரு கேள்வி கூடுதலாக

பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இவர் செய்த பாவமா, இவர் பெற்றோர் செய்த பாவமா என்று ஆண்டவரிடம் கேட்டார்கள். இரண்டும் அல்ல என்றார் அவர். பழியை ஒரு வீட்டுக்குள் தேடுவது சீடர்களுக்கே இயல்பாக இருந்தது என்றால், நமக்கு அது இயல்பாக இருப்பதில் வியப்பில்லை. கடனில் மூழ்கியவரைச் சிக்கனமற்றவர் என்கிறோம். படிப்பை நிறுத்திய பிள்ளையைச் சோம்பேறி என்கிறோம். குடியில் விழுந்தவரை நெறிகெட்டவர் என்கிறோம். சில வேளைகளில் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் அதை அறியும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் உள.

நம் அன்பியங்கள் வாரந்தோறும் கூடுகின்றன. இறைவார்த்தையைப் படிக்கிறோம், மன்றாட்டுகளைச் சொல்கிறோம். ஒரு சகோதரி தன் கணவனின் குடிப்பழக்கம் நீங்கச் செபிக்கும்படி கேட்கிறார். ஒரு தாய் வெளிநாட்டில் சம்பளம் கிடைக்காமல் தவிக்கும் மகனுக்காகக் கேட்கிறார். நாம் அவர்களுக்காகச் செபிக்கிறோம். அது நம் கடமை. செபித்தபின் கார்டைன் தையற்பெண்களிடம் கேட்டதை நாமும் கேட்கலாம்: இத்துன்பம் இன்னும் எத்தனை வீடுகளில் இருக்கிறது? எப்போது தொடங்கியது? அது தொடர்வதால் யாருக்கு ஆதாயம்? அதில் நம் பங்கு ஏதேனும் உண்டா? விடைகள் உடனே கிடைக்காமல் போகலாம். ஆனால் இதுவரை தன் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு அழுத அந்தச் சகோதரி, அடுத்த வீட்டிலும் அதே அழுகை கேட்கிறது என்று அறிவார். அடுத்த வாரம் அவர்கள் இருவரும் சேர்ந்தே கூட்டத்துக்கு வருவார்கள். அங்கிருந்து என்ன செய்வது என்பதைக் கூடியிருப்போர் எல்லாரும் சேர்ந்து எண்ணத் தொடங்கலாம்.